பழி பெற்றோர் மேலா?

குஜராத் மாநிலம் மோர்பி நகரில், மச்சூ நதியின் மேலிருந்த பழைய தொங்கு பாலம் 2022 அக்டோபர் 30-ம் தேதி மாலை அறுந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி விடுமுறை. குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்தவர்களில் 135 பேர் மாண்டனர். அவர்களில் ஏராளமானோர் குழந்தைகள்.

உடனே கிளம்பிய பேச்சு என்ன? "நடுப்பாலத்தில் கூட்டமாக நின்று ஆட்டினார்கள், விழுந்தது" என்றது கம்பெனித் தரப்பு. "குழந்தையை ஏன் அங்கே கூட்டிப் போனார்கள்?" என்று கேட்கும் கனவான்களும் எப்போதும் உண்டு. மில்லில் ஒருவன் கை நசுங்கினால் "கவனக்குறைவு" என்று எழுதுகிற அதே பேனாதான் இது!

பிள்ளையைக் கண்ணுங்கருத்துமாகப் பார்த்துக்கொள்வது பெற்றவர் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. கூட்டத்தில் கையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் வடம் துருப்பிடித்திருக்கிறதா என்று எந்தத் தாய் ஏறிப் பார்க்க முடியும்?

பார்க்க வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? பாலத்தை 15 ஆண்டுகளுக்கு ஒரு கடிகாரக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தார்கள். பழுது பார்த்தாயிற்று என்று சொல்லி, தகுதிச் சான்று இல்லாமலே, கம்பெனி அக்டோபர் 26-ல் பாலத்தைத் திறந்தது. நாலே நாளில் விழுந்தது. பிரதான வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்பே துருவேறியிருந்தன என்று சர்க்கார் அமைத்த விசாரணைக் குழுவே கூறியது. விழுந்த அன்று மட்டும் விற்ற டிக்கெட் 3,165!

மறுநாள் கைதான 9 பேரில் இருவர் டிக்கெட் குமாஸ்தாக்கள், மூவர் காவலாளிகள். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் கோர்ட்டில் சரணடைந்ததோ 2023 ஜனவரி 31-ல், மூன்று மாதம் கழித்து!

நாம் கோருவது இதுதான்: காசு வாங்கிப் பிள்ளைகளை ஏற்றும் ஒவ்வோர் இடத்திலும் தகுதிச் சான்று, சோதித்த தேதி, ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை ஆகியவை வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சான்றின்றித் திறந்தால் இலாபம் எடுக்கும் முதலாளியும், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியும் முதல் குற்றவாளிகளாக நிற்க வேண்டும்.

தோழர்களே! நம் ஊர்த் திருவிழாவுக்கும் ராட்டினம் வருகிறது. அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்துப் பிள்ளையை ஏற்றி விடுகிறோம். அது சுற்றத் தொடங்குமுன் சங்கத்தின் சார்பில் போய்ச் சான்றைக் கேளுங்கள். தனியாள் கேட்டால் விரட்டுவார்கள். சங்கம் கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும். பிள்ளையின் கையைப் பிடிப்பதோடு இதுவும் பெற்றவர் கடமையே.