கசந்த உண்மை, இனித்த பொய்

ஒற்றர்களுக்குப் பஞ்சமில்லாத பேரரசு பாரசீகம். சார்டிஸிலிருந்து சூசா வரை நீண்ட அரச பாதையில் 111 தங்குமிடங்கள் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். குதிரைத் தூதர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியை அரசனிடம் சேர்த்தார்கள். கிரேக்கக் கரையோரத்தை வேவு பார்க்க, மராத்தான் போருக்குப் பல ஆண்டுகள் முன்பே முதலாம் டேரியஸ் 15 பேரைக் கப்பலேற்றினான். இவ்வளவும் இருந்தும் கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த அவன் மகன் செர்க்சஸ் சறுக்கினான். தெர்மோபைலே கணவாய்க்கு அவன் அனுப்பிய குதிரைவீரன், ஸ்பார்ட்டா வீரர்கள் மதிலுக்கு வெளியே உடற்பயிற்சி செய்வதையும் தலைவாரிக்கொள்வதையும் பார்த்து, ஆட்களையும் எண்ணிக்கொண்டு திரும்பினான். உயிரைப் பணயம் வைக்கும் முன் தலைமுடியைச் சீர்செய்வது அவர்கள் வழக்கம் என்று, பாரசீகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த முன்னாள் ஸ்பார்ட்டா அரசன் டெமரேட்டஸ் விளக்கினான். செர்க்சஸ் நம்பவில்லை, எதிரி ஓடிவிடுவான் என்று நான்கு நாள் காத்திருந்தான். பிறகு சலாமிஸில், கிரேக்கர்கள் தப்பியோடப் பார்க்கிறார்கள் என்று ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸ் ஆள்விட்டுச் சொன்ன செய்தியை அப்படியே நம்பினான். குறுகிய நீரிணைக்குள் நுழைந்த அவன் கப்பற்படை சின்னாபின்னமானது. ஒற்றனிடம் குறையில்லை, கேட்டவனிடம்தான் குறை. அவனுக்கு உண்மை கசந்தது, பொய் இனித்தது. உளவுத்துறைக்கு ஆளும் பணமும் கூட்டுவது பிறகு இருக்கட்டும். ஆள்பவருக்குப் பிடிக்காத செய்தியை அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கு இடம் இருக்கிறதா, சொன்னால் அது எடுபடுகிறதா என்பதைத்தான் எந்த நாடும் முதலில் பார்க்க வேண்டும்.