மேலே மாடி வரும், கம்பி விட்டு வையுங்கள்!

மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை



"ஆண்டு மலரில் வீடியோ கேமைப் பற்றிக் கட்டுரையா?" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பொறியியல் படிக்கும் நமக்கு அதிலும் பாடம் இருக்கிறது.

ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டு' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. கண்ணுக்குத் தெரிகிற மலையிலெல்லாம் ஏறலாம். புல்லில் தீ வைத்தால் மேலே காற்று எழும். அந்தக் காற்றிலேயே பறக்கலாம். இடி இடிக்கும்போது இரும்புக் கத்தியோடு நின்றால் மின்னல் நம் தலையில்தான் விழும்! அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதை அது வாங்கியதில் வியப்பென்ன?

இப்படிப் பேர் வாங்கியதற்கு அடுத்த பாகம் எடுப்பது லேசுப்பட்ட காரியமா? 2023 மே 12-இல் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வந்தது. அதே ஹைரூல் நாடு, அதே வீரன் லிங்க். "அதே மேப்பைக் காட்டி 60 டாலரை 70 டாலர் ஆக்கிட்டான்டா, சோம்பேறிங்க!" என்பது நம் நண்பர்கள் சிலரின் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

என் அப்பா கொத்தனார். இந்த விவாதத்தை அவரிடம் சொன்னபோது, "ஏண்டா தம்பி, கடக்கால் கெட்டியா இருந்தா மாடிதானே எடுப்பாங்க? இடிச்சிட்டு மறுபடியும் கடக்காலா போடுவாங்க?" என்று கேட்டார். அந்தக் கம்பெனிக்காரர்கள் செய்ததும் அதேதான். பழைய நிலத்துக்கு மேலே வானத் தீவுகள், கீழே இருண்ட பாதாள உலகம் என்று இரண்டு அடுக்கு சேர்த்தார்கள். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள அதே 2017 ஸ்விட்ச் மிஷினில்தான் இத்தனையும் ஓட வேண்டும்!

அதைவிடப் பெரிய வேலை 'அல்ட்ராஹேண்டு' என்ற புது சக்தி. பலகை, சக்கரம், விசிறி என்று எதையும் எதோடும் ஒட்டி வண்டி, படகு, விமானம் செய்யலாம். எடை ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டி கவிழும். விசிறி நடுவில் இல்லாவிட்டால் விமானம் வட்டமடிக்கும். மெக்கானிக்ஸ் வகுப்பில் நாம் கொட்டாவி விட்டபடி கேட்ட புவியீர்ப்பு மையம் அங்கே விளையாட்டாகிவிட்டது! முதல் ஆட்டத்தில் இருந்த பற்சக்கரத்தையும் பலகையையும் சேர்த்து வண்டி செய்து பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை இது என்று இயக்குநர் ஹிடெமாரோ புஜிபயாஷி சொல்லியிருக்கிறார்.

எதையும் ஒட்டலாம் என்றால் எதுவும் உடையலாம் அல்லவா? இந்த சக்தியைச் சேர்த்ததும் ஆட்டத்து உலகம் அடிக்கடி உடைந்துகொண்டே இருந்ததாக 2024-இல் இயற்பியல் பொறியாளர் டகாஹிரோ டகாயாமா ஒரு மாநாட்டில் விளக்கினார். அதற்காகப் பொருள்கள் எல்லாமே இயற்பியல் விதிப்படி அசையும்படி மாற்றி அமைத்தார்கள். 2022-இல் வருவதாக இருந்த ஆட்டத்தைத் தயாரிப்பாளர் ஐஜி அவோனுமா 2023-க்குத் தள்ளி வைத்தார். சோம்பேறிகள் செய்கிற வேலையா இது? முதல் மூன்றே நாளில் 1 கோடிப் பிரதிகள் விற்றன.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதாளம் எங்கு போனாலும் ஒரே மாதிரி இருக்கிறது. முதல் பாகத்தின் பழங்கால இயந்திரங்கள் எங்கே போயின என்பதற்கும் சரியான பதில் இல்லை. ஆனாலும் முன்னால் செய்ததை அறிந்து, அதன் மேல் ஏறி நின்ற துணிச்சல் பாராட்டுக்குரியது.

இனி நம் கதைக்கு வருவோம். ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டுத் தோழர்கள் எலக்ட்ரிக் சைக்கிள் செய்கிறார்கள். ரிப்போர்ட்டை பைண்டு செய்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம். அடுத்த பேட்ச் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அதே பேரிங், அதே செயின் பிரச்சினையில் அதே மாதங்களைத் தொலைக்கிறது. "பழைய புராஜெக்ட்டையே செய்தால் காப்பி அடிச்ச மாதிரி ஆகாதா?" என்கிறார்கள். காப்பி அடிப்பவன் பழையதை மறைப்பான். மேலே கட்டுபவன் பழையதன் பெயரைச் சொல்லி, தன் பங்கையும் சேர்ப்பான். இரண்டும் ஒன்றாகுமா?

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிராஃப்டரை எப்படிப் பிடிப்பது என்று காட்ட வீட்டில் யாருமில்லை. சீனியர் அண்ணன் ஒருவர் கொடுத்த பழைய டிராயிங் ஷீட்களைப் பார்த்துத்தான் நான் கோடு போடப் பழகினேன். படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஓர் அஸ்திவாரம் உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு முன்னே போனவர்கள் விட்டுச் சென்ற வேலைதான் அஸ்திவாரம். அதையும் பூட்டி வைத்தால் நாங்கள் எதன் மேல் நிற்பது?

ஆகவே, இந்த ஆண்டு புராஜெக்ட் முடிக்கும் தோழர்களே! எது ஓடியது, எது உடைந்தது, எங்கே நிறுத்தினோம் என்று நான்கு பக்கம் சேர்த்து எழுதி, வரைபடங்களோடு ஜூனியர்களிடம் கொடுங்கள். மேலே மாடி வரும் என்று தெரிந்தால் தூணில் கம்பி விட்டு வைப்பது கொத்தனார் வழக்கம். நாமும் கம்பி விட்டு வைப்போம்! வருகிற தம்பி தங்கைகள் மாடி எடுக்கட்டும்!