434-க்கு மேல், 250-க்குக் கீழ்

பிளஸ் ஒன்ல அசமன்பாடு போட்டிருப்பீங்க. ரெண்டு நிபந்தனை கொடுத்து, ரெண்டுக்கும் பொருந்துற எண்களைக் கேட்பாங்க. எண்கோட்டுல கோடு போட்டு, மார்க் வாங்கி, மறந்திருப்போம். நம்ம ஊர்ல 1,045 குளம் குட்டைகளோட கதி அந்தக் கணக்குலதான் இருக்கு.

அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தைச் சொல்றேன். அறுபது வருஷத்துக்கும் மேலான கோரிக்கை, 2024 ஆகஸ்ட் 17-ல் தொடக்க விழா கண்டது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகிற உபரிநீரை, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டக் குளங்களுக்குக் கொண்டு போவது திட்டம். வருஷத்துக்கு 1.5 டிஎம்சி. அதாவது வினாடிக்கு 250 கன அடி, 70 நாள்.

சும்மா நம்பாதீங்க, போட்டுப் பாருங்க. 1.5 டிஎம்சி என்பது 150 கோடி கன அடி. நாளுக்கு 86,400 வினாடி. வகுத்தா சுமார் 17,360. அதை 70-ஆல் வகுத்தா 248. சரியா இருக்கு.

உபரிநீர் 40 நாள்தான் வந்துச்சுன்னா? 17,360-ஐ 40-ஆல் வகுத்தா 434. அதே 1.5 டிஎம்சி வேணும்னா நீரோட்டம் 434-க்குக் குறையக் கூடாது. ஆனா திட்டத்தோட அளவே 250தான். 434 ≤ ஓ ≤ 250. அப்படி ஒரு 'ஓ' கிடையாது. பரீட்சையில 'தீர்வு இல்லை'ன்னு எழுதினா முழு மார்க். குளத்துக்கரையில நிக்கிற விவசாயிகிட்ட அப்படிச் சொல்ல முடியாதுங்க.

"பெரிய மோட்டார் வெச்சா போச்சு" என்பார்கள். 434-க்குக் குழாய் போட்டாலும் ஆத்துல உபரி 100 கன அடின்னா 100தான் எடுக்கலாம். 700 வருஷத்துக்கும் மேலான காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்துக்குப் போனதுக்கு அப்புறம்தான் நமக்கு. மழை குறைஞ்ச வருஷத்துல அந்தப் பெரிய குழாய் காத்து வாங்கும்.

அதனால வேற கேள்வி கேட்கணும். 40 நாள் முழுசா 250 ஓடினா வர்றது 0.86 டிஎம்சி. அதை எந்தக் குளத்துக்கு, எவ்வளவு? தண்ணி வர்றதுக்கு முன்னாடியே இந்த வரிசையை முடிவு பண்ணி, குளத்துக்குக் குளம் பலகையில எழுதி வைக்கணும். இல்லைன்னா சத்தம் போடத் தெரிஞ்ச ஊர்க் குளம் நிரம்பும், கடைசிக் குட்டை காயும். என்னைக் கேட்டா, போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிப் போன ஊர்களுக்குத்தான் முதல் உரிமை. இதை ஒத்துக்காதவங்க இருப்பீங்க. உங்க வரிசையைப் போட்டுக் காட்டுங்க.

சிவில்காரங்க ஃபைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறீங்கதானே? அன்னூர் பக்கம் ஒரு குளத்தை எடுத்து, 20 நாள், 40 நாள், 70 நாள்னு மூணு கணக்காப் போட்டு ஆரம்பிக்கலாம்.