பழகுநர் இடம் யாருக்கு?

ஐடிஐ எலக்ட்ரீசியன் படிப்பு 2 ஆண்டு. பாடம் வகுப்பில் கிடைக்கும். கை பழகுவது வேலையிடத்தில்தான். அந்த இடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா?

தொழிற்பழகுநர் சட்டம், 1961-இன் பிரிவு 3ஏ, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. ஆனால் 2019 விதித் திருத்தப்படி, பழகுநரைச் சேர்த்தே ஆகவேண்டிய கட்டாயம் 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான். ஆத்தங்குடியில் இருப்பவை சிறு டைல்ஸ் பட்டறைகளும் வீட்டு வயரிங் வேலையும். இங்கே ஒதுக்கீடு எட்டாது. தெரிந்தவர் சிபாரிசே செல்லும்.

வயரிங், வீட்டுக்குள் பூஜையறை வரை போய்ச் செய்யும் வேலை. 'எந்தத் தெரு தம்பி?' என்ற கேள்வி வாசலிலேயே வந்துவிடுகிறது. பதில் பிடிக்காவிட்டால், படித்த பையன் சுவர் வெட்டவும் பைப் சுமக்கவும் வெளியே நிற்கிறான். சட்டம் எட்டும் பெல் ஆலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் திருச்சியில். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கூலிக்காரக் குடும்பம் எங்கே போகும்?

இடம் தேடும் பொறுப்பை மாணவர் தலையில் கட்டக்கூடாது. ஐடிஐ நிர்வாகமே இடம் பிடித்துத் தரவேண்டும். யார், எங்கே, என்ன வேலை பழகினார் என்று பதிவேடு வைக்கவேண்டும். வெளியூர் போகும் பிள்ளைக்கு விடுதி வேண்டும்.

மாணவர்களே, பழகுநராகச் சேரும்போது ஒப்பந்தம் பதிவானதா, உதவித்தொகை எவ்வளவு என்று முதல் நாளே கேளுங்கள். அது சலுகை அல்ல, சட்டம் தந்த உரிமை.