எண்ணெய்ப் போத்தலும் அவகாடோவும்

கடந்த ரமழானுக்குச் சற்று முன்னர் எங்கள் வாப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்தபோது கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. எண்ணெயைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்னார். அவகாடோவில் நல்ல கொழுப்பு இருப்பதாக யாரோ சொல்ல, உம்மா அன்றே சந்தையில் நான்கு பழங்கள் வாங்கினார். நோன்பு துறக்கும் நேரம் சீனியும் டின் பாலும் சேர்த்த அவகாடோ ஜூஸ் வந்தது. பக்கத்தில் வழமைபோல சமோசாவும் ரோல்ஸும் இருந்தன.

"வாப்பா குடிக்கட்டும் மகள், நல்ல கொழுப்பாம்" என்றார் உம்மா.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி நடப்பதாக நான் நினைக்கவில்லை. நல்லதைச் சேர்க்க நாம் தயார். கூடாததை விடத்தான் மனம் வருவதில்லை.

எண்ணெயையும் அவகாடோவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. 75 கிராம் அவகாடோ, அதாவது நடுத்தரப் பழமொன்றின் பாதியும், அதே 120 கலோரியைத்தான் தருகிறது. ஆனால் எண்ணெய் முழுவதும் கொழுப்பு. அதில் நார்ப்பொருளே இல்லை. அவகாடோவிலோ பெரும்பகுதி நீர். கூடவே ஏறத்தாழ 5 கிராம் நார்ப்பொருளும், பொற்றாசியமும், போலேற்றும் கிடைக்கின்றன. அதைச் சாப்பிட்டால் வயிறு நிறையும். பொரியலில் உறிஞ்சப்பட்ட எண்ணெயோ நாம் அறியாமலே உள்ளே போய்விடுகிறது.

கொழுப்பின் வகையும் வேறு. தேங்காயெண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டது நிரம்பிய கொழுப்பு. அது எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டக்கூடியது. அவகாடோவில் பெரும்பாலானது நிரம்பாத கொழுப்பு. சூரியகாந்தி எண்ணெயிலும் நிரம்பாத கொழுப்பே அதிகம். எனினும் கலோரியில் எந்த எண்ணெயும் குறைந்ததல்ல.

அதற்காக எண்ணெயை எதிரியாக்கத் தேவையில்லை. அவகாடோவைக் கொண்டு கறி தாளிக்க முடியாது. கீரையிலும் கரட்டிலும் உள்ள, விற்றமின் ஏ ஆக மாறும் கரொட்டினை உடல் உறிஞ்சுவதற்குச் சிறிதளவு கொழுப்பு வேண்டும். அவகாடோ காலத்துக்குக் காலம் விலை ஏறி இறங்கும் பழம் என்பதும் உண்மை.

ஆகவே என் கருத்து இதுதான்: அவகாடோ எண்ணெய்க்கு மருந்தல்ல. பொரித்ததோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதுவும் மேலதிக கலோரிதான். பொரித்ததற்குப் பதிலாக வைத்தால் மட்டுமே பயன் உண்டு. சீனி போட்டுக் குடிப்பதைவிட உப்பும் மிளகும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துச் சாப்பிடலாம்.

ரமழான் முடிந்ததும் கணக்குப் பார்த்தேன். ஐந்து பேருக்கு ஐந்து லீற்றர் எண்ணெய் முடிந்திருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல். எறிய மனமில்லாமல் திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயும் அதில் அடங்கும். அப்படிச் சூடாக்கும்போது எண்ணெய் சிதைந்து தீங்கான பொருட்கள் உருவாகின்றன.

இதற்கு உம்மாமாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒருநாள் உம்மா கஞ்சியும் பேரீச்சம்பழமும் பழங்களும் மட்டும் வைத்தபோது, "ரோல்ஸ் இல்லையா?" என்று முகம் சுளித்தவள் நான்தான். அடுத்த நாள் தாச்சி மறுபடியும் அடுப்பில் ஏறியது.

தோழிகளே, உணவில் அளவு பேணுவதை மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. வரும் ரமழானில் பொரித்த உணவைக் கிழமைக்கு ஒருநாள் என்று வைப்போம். அதை உம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான்.