சமன்பாடு மட்டும் போதுமா?

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவர்)

மெத்தில் மெதக்ரிலேட் என்ற பெயரைக் கேட்காத வேதியியல் மாணவர் நம் வகுப்பில் இல்லை. பலபடிகள் பாடத்தில் அது வரும். தொடக்கம், தொடர்தல், முடிவு என்று மூன்று படிகளை எழுதி, அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு சிறிய எழுத்தையும் போட்டுவிட்டால் பத்து மதிப்பெண் உறுதி. நானும் அப்படித்தான் வாங்கினேன். ஆனால் அந்தத் திரவத்தை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது நம் ஆய்வுக்கூடத்தில் அன்று. சென்ற கோடை விடுமுறையில், என் தாய்மாமனின் பல்செட் பட்டறையில்.

பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பத்துக்குப் பத்து அறை. ஒரே ஒரு ஜன்னல். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்கு மாமா பல்செட் செய்து கொடுப்பார். அங்கே மெத்தில் மெதக்ரிலேட்டுக்கு அந்த நீண்ட பெயர் கிடையாது. ‘லிக்விட்’ என்பார்கள், அவ்வளவுதான். ‘பவுடர்’ என்பது அதே பொருள் ஏற்கெனவே பலபடியாகி நுண்மணிகளாக வந்தது. அதில் சிறிது பென்சாயில் பெராக்சைடு இருக்கும். மூன்று பங்கு பவுடருக்கு ஒரு பங்கு லிக்விட். கலந்ததும் ஈர மணல்போல் இருக்கும், பிறகு நூல்நூலாக இழுக்கும், பிறகு சப்பாத்தி மாவுபோல் ஒட்டாமல் திரண்டு வரும். அந்தப் பதத்தில் அச்சில் வைத்து அழுத்தி நீரில் வேகவைக்க வேண்டும். நீரை ஒரேயடியாகக் கொதிக்கவிட்டால் பல்செட்டில் பொடிப்பொடியாகத் துளை விழும் என்பதை மாமா அனுபவத்தில் அறிவார். வினையே வெப்பத்தை வெளிவிடுவது. உள்ளே 101 டிகிரி செல்சியஸை எட்டினால் எஞ்சியிருக்கும் லிக்விட் கொதித்துக் குமிழ்விடும் என்பதை நான் புத்தகத்தில் அறிவேன். இருவரும் அதைப் பேசி மகிழ்ந்தோம். படித்த படிப்பு உதவுகிறதே என்று எனக்குச் சிறிது கர்வம்கூட வந்தது.

அந்தக் கர்வம் அன்று மாலையே போயிற்று. மாமா மாவை வெறுங்கையால் பிசைந்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படித்தானாம். விரல் நுனிகளில் தோல் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. நுனிகள் மரத்துப்போனதால் சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடிவதில்லை. காலையில் அத்தைதான் போட்டுவிடுகிறார். “வயசாச்சுல்ல மாப்ளே” என்றார். வயது நாற்பத்தேழு! மூக்கைத் துளைக்கும் நெடியைப் பற்றிக் கேட்டேன். “ரெண்டு நாள்ல பழகிப்போகும்” என்றார்.

பழகித்தான் போகிறது; அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. இந்த ஆவி காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே மூக்கு அதை அறிந்துவிடும். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 பங்கு. ஆகவே நெடி வந்த மாத்திரத்தில் அலற வேண்டியதில்லை. ஆனால் சற்று நேரத்தில் மூக்கு ஓய்ந்துவிடும். பிறகு ஒரு பங்கா, இருநூறு பங்கா என்று அது நமக்குச் சொல்லாது. தோலின் கதை வேறு. இது ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஒரு துளி பட்டாலும் தோல் சீறும். பெரும்பாலும் ஆயுள் முழுதும் போகாது. பல்செட் தொழிலாளர்களின் விரல் மரத்துப்போவதும் மருத்துவ உலகம் பதிவு செய்துள்ள ஒன்றே. சரி, ரப்பர் கையுறை வாங்கித் தரலாம் என்று எண்ணினேன். படித்துப் பார்த்தால், சாதாரண ரப்பர் கையுறையைச் சில நிமிடங்களில் இது ஊடுருவிவிடுமாம்! உறைக்குள் அகப்பட்ட லிக்விட் தோலோடு ஒட்டியே இருக்கும். கையே படாமல் மூடியிட்ட கண்ணாடிக் கிண்ணத்தில் கரண்டியால் கலப்பதுதான் வழி.

இன்னொன்றையும் கண்டேன். பல்செட் வேகும் ஸ்டவ்வுக்கும் லிக்விட் பாட்டிலுக்கும் இடையே நான்கடி தூரம். இத்திரவம் தீப்பற்றும் ஆவியைத் தரத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி. நம் ஊர் மார்கழியிலும் அவ்வளவு குளிர்ந்ததுண்டா? ஆவி காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து சுடரைத் தேடிப் போகும்.

பாட்டில் ஏன் பழுப்பு நிறம், ஏன் கழுத்துவரை நிரப்புவதில்லை என்பதும் பாடத்தில் இல்லை. வெளிச்சமும் சூடும் பட்டால் இது தானாகவே பலபடியாகத் தொடங்கும். அதைத் தடுக்க ஹைட்ரோகுவினோன் போன்ற ஒரு தடுப்பானை இம்மியளவு சேர்க்கிறார்கள். அது வேலை செய்யக் கரைந்த ஆக்சிஜன் வேண்டும். ‘காற்றை அகற்றி நைட்ரஜன் நிரப்பினால் பத்திரம்’ என்று நான் தேர்வில் எழுதியிருப்பேன். எழுதியிருந்தால் அது ஆபத்தான விடை. மாமா ஜன்னலோரம் வைத்திருந்த வெள்ளைச் சீசாவில் லிக்விட் ஜவ்வாகிக் கிடந்தது. சீசா அளவில் அது வெறும் நஷ்டம். தொட்டி அளவில்? 2012 செப்டம்பரில் ஜப்பானின் ஹிமேஜியில், இதே குடும்பத்தைச் சேர்ந்த அக்ரிலிக் அமிலம் ஒரு தொட்டியில் தானே சூடேறிப் பலபடியாகி வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் மாண்டார், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

இதை ஒரு பேராசிரியரிடம் சொன்னேன். “கல்லூரி தத்துவத்தைக் கற்பிக்கும். கையாளும் முறையை வேலை கற்பித்துவிடும்” என்றார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் இதில் உடன்பட இயலவில்லை. என் மாமாவுக்கு வேலை இருபத்திரண்டு ஆண்டுகள் கற்பித்தது. அது கற்பித்ததெல்லாம் பழகிக்கொள்வதைத்தான். தடுப்பானும் ஆக்சிஜனும் தத்துவம் இல்லையா? தனி உறுப்பு வினைகளில் ஒரு அரைமணி நேரம் அதற்குக் கிடைக்காதா? பலபடிப் பாடம் முடியும் நாளில் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தாளை வகுப்பில் வாசித்தால் போதும். அதைத் தமிழில் எழுதி ஊரிலுள்ள பட்டறைகளுக்குக் கொடுக்கும் வேலையை நாங்களே செய்கிறோம்.

மெதக்ரிலேட் கொடியது, ஒழிக என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. புற்றுநோய் தரும் என்று சொல்லப் போதிய சான்றும் இதற்கு இல்லை. போர் விமானிகளின் கண்ணில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் கண்ணைப் புண்ணாக்காததைக் கவனித்த ஹெரால்டு ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளால் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பொருத்தினார். 1992இல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப் அத்தகைய லென்ஸ்களை மலிவாகச் செய்து கொடுத்தது. என் பாட்டி செய்தித்தாள் படிப்பதும் அப்படியொரு லென்ஸின் புண்ணியத்தில்தான். முழுதாகப் பலபடியாகிவிட்டபின் அது சாது. அதற்கு முன்னால்தான் பார்த்து நடக்க வேண்டும்.

இப்போது மாமா கிண்ணத்தை மூடி, கரண்டியால்தான் கலக்குகிறார். ஸ்டவ் திண்ணைக்குப் போய்விட்டது. ஜன்னலில் ஒரு காற்று வெளியேற்றும் விசிறி சுற்றுகிறது. தோல் வெடிப்பு ஓரளவு ஆறியிருக்கிறது. பொத்தானை மட்டும் இன்னும் அத்தைதான் போட்டுவிடுகிறார்.