வெடிமருந்துக் கிடங்கும் வரலாறே

ஆசிரியர் அவர்களுக்கு,

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றிய தங்கள் இதழின் கட்டுரை நன்று. ஆயினும், 1605-இல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் அதனை எழுப்பத் தொடங்கியதையும், 1755-இல் ஹைதர் அலி அங்கு பௌஜ்தாராக (படைத்தலைவராக) அமர்ந்ததையும், 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வசமானதையும் விஸ்தாரமாக வர்ணித்த கட்டுரையாளர், வெடிமருந்துக் கிடங்கை ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்குச் சம்மதமில்லை.

பட்டாசுத் தொழிலிலேயே காலங்கழித்த எனக்கு, அக்கோட்டையில் பீரங்கியைக் காட்டிலும் அந்த அறையே பிரதானமாகத் தோன்றிற்று. வெடியுப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டால் மருந்து உதவாது என்பதையும், உராய்வில் ஒரு பொறி எழுந்தால் ஆளே மிஞ்சமாட்டான் என்பதையும் அறிந்தவர்களே அத்தனை தடித்த சுவரையும் காற்றுக்கான துவாரங்களையும் யோசித்திருக்க முடியும். (எங்கள் பக்கத்தில் சில மருந்துக் கலவை அறைகளைக் கட்டியவர்களுக்கு அந்த நிதானம் இருந்ததா என்பது வேறு விஷயம்.)

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பள்ளிகள் மாணவர்களை அங்கு சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, சரித்திர ஆசிரியரோடு ஓய்வுபெற்ற பட்டாசு ஆலை போர்மேன் ஒருவரையும் உடன் அழைத்துப்போய், அக்கிடங்கின் வாயிலில் நிறுத்தி விளக்கச் சொல்வது மிகவும் பிரயோஜனமாயிருக்கும்.

தங்கள் வாசகர்,
சிவகாசி